தொங்கும் கோயில்: அந்தக் குச்சிகள்தான் தாங்குகின்றனவா?

6 செப்டம்பர் 2024, ஒரு வாசகரின் கேள்வி

"பிளாக் மித்: வூகோங் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருக்கிறேன். அதில் மலைச்சுவரோடு ஒட்டிய ஒரு கோயில் வருகிறது. தேடிப் பார்த்தால் சீனாவில் நிஜமாகவே இருக்கிறதாம், ஷுவான்கோங் சி, அதாவது தொங்கும் கோயில் என்று பெயர். 1500 வருஷமாக ஏதோ முப்பது மூங்கில் குச்சிமேல் நிற்கிறது என்று ஒரு வீடியோவில் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இரும்போ கான்கிரீட்டோ ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது என் கட்சி. நேரில் போனவர்கள் யாராவது உண்டா?"

6 செப்டம்பர், இரவு

போயிருக்கிறேன், போன வருஷம் அக்டோபரில்.

குச்சிகள் தாங்கவில்லை. அவை மூங்கிலும் இல்லை. உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிறதே, அதற்குக் கீழே தூணா நட்டிருக்கிறார்கள்? உள்ளே பிடிப்பு இருப்பதால் வெளியே நிற்கிறது. இங்கேயும் அதே கதைதான். பாறையில் சதுரமாகத் துளை வெட்டி, அதற்குள் கனமான மரச்சட்டங்களைச் செருகியிருக்கிறார்கள். சட்டத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பாறைக்குள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பங்கின்மேல்தான் தளம், சுவர், கூரை எல்லாம். அப்படிப்பட்ட சட்டங்கள் 27. கீழே ஒல்லியாகத் தெரியும் கம்பங்கள் பார்க்கிறவர்களின் மன நிம்மதிக்காகப் பிற்காலத்தில் வைத்தவை என்பார்கள். கம்பம் இல்லாமல் நின்றபோது யாரும் ஏறத் துணியவில்லையாம்.

தொட்டு ஆட்டினால் ஆடும் கம்பம்கூட உண்டு என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஆக, குச்சி சும்மா.

7 செப்டம்பர்

காலையில் எழுந்து பார்த்தால் ஒரு சிவில் என்ஜினியர் என்னைப் பிடித்துவிட்டார். சன்ஷேடு தப்பான உதாரணமாம். அதில் கம்பி மேல்பக்கமாக ஓடுகிறது, லிண்டலோடு சேர்த்து வார்த்தது, வேறு வேலை என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். பழைய வீட்டில் சுவரில் கட்டை செருகி அதன்மேல் பலகை போட்டுப் பரண் அமைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை, மரமும் கல்லும் மட்டும்.

அவருடைய இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. துளைக்குள் செருகியது உருவிக்கொண்டு வராதா?

என் அப்பா தச்சு வேலை செய்தவர். சுத்தியலுக்குப் பிடி போடும்போது, பிடியின் நுனியைக் கொஞ்சம் பிளந்து, தலைக்குள் நுழைத்து, பிளவில் ஒரு ஆப்பை அடிப்பார். நுனி விரிந்துகொள்ளும். அதற்கப்புறம் தலை கழன்று பறக்காது. தொங்கும் கோயிலுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். துளை வாயில் குறுகல், உள்ளே அகலம். சட்டத்தின் நுனியில் ஆப்பை வைத்தபடி உள்ளே அடித்தால், ஆப்பு துளையின் அடிச்சுவரில் முட்டிச் சட்டத்துக்குள் ஏறும், நுனி விரியும். வெளியே இழுக்க இழுக்க இறுகும். இன்று கான்கிரீட்டில் அடிக்கிறார்களே ஆங்கர் போல்ட், அதன் தாத்தா.

மரம் ஹெம்லாக். சாக்ரடீஸ் குடித்த விஷம் இதுவா என்று யாரும் கேட்க வேண்டாம், அது செடி, இது ஊசியிலை மரம். சீனத்தில் இதன் பெயருக்கு 'இரும்பு' என்ற சொல்லே முன்னொட்டு. டங் எண்ணெயில் ஊறவைத்துத்தான் செருகினார்கள் என்கிறார்கள். டங் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. காய்ந்தால் வார்னிஷ் மாதிரி இறுகும், ஈரம் ஏறாது, பூச்சியும் சீக்கிரம் அண்டாது. சீனர்கள் படகுக்குப் பூசிவந்ததும் இதைத்தான்.

9 செப்டம்பர்

"அப்படியானால் அது 1500 வருஷத்து மரமா?" என்று மூன்று பேர்.

இல்லை. தொடக்கம் வடசீனாவை ஆண்ட வட வெய் அரசின் பிற்பாதி, 491 என்பார்கள். இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி மிங், சிங் அரச மரபுகளின் காலங்களில் (1368–1912) பழுதுபார்த்துத் திரும்பக் கட்டியது. இதைச் சொன்னவுடன் "அப்போ டூப்ளிகேட்" என்று ஒருவர் எழுதிவிட்டார். ஐயா, நம் ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தினால் கோயிலின் வயதைக் குறைத்துவிடுகிறோமா? மலையோரத்து மரக்கட்டடத்தைத் தொடாமல் விட்டிருந்தால்தான் இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

10 செப்டம்பர்

போதிதர்மர் கட்டினாரா என்று கேட்கிறவர்களுக்கு: அவர் கட்டவில்லை. வந்து தங்கவும் இல்லை. எதற்கெடுத்தாலும் அவரை இழுக்காதீர்கள்.

10 செப்டம்பர், பிற்பகல்

கோபமாக எழுதிவிட்டேன், கொஞ்சம் விளக்கம். வட வெய் அரசு என்றதும் அவர் பெயர் வருவதில் நியாயம் இருக்கிறது. அந்த அரசின் பிந்தைய தலைநகர் லுவோயாங்கில் யோங்நிங் கோயில் பகோடாவை, அதாவது அடுக்குக் கோபுரத்தை, பார்த்து அவர் வியந்து நின்றதாக 6ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று சொல்கிறது. ஆனால் அந்த நூல் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது, தென்னிந்தியர் என்பது இன்னொரு பழைய குறிப்பு. இரண்டிலும் தொங்கும் கோயில் கிடையாது. இந்தக் கோயிலைத் தொடங்கியவர் என்று சொல்லப்படுபவர் லியாவ் ரான் என்ற துறவி, அதுவும் வழிவழியாக வந்த பேச்சு.

14 செப்டம்பர்

போன கதையை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன், சிரிக்கக் கூடாது.

நான் அப்போது பெய்ஜிங்கில் வேலையில் இருந்தேன். கோயில் இருப்பது ஹெங் மலையில் என்று படித்துவிட்டு, வரைபடத்தில் ஹெங் மலை என்று தட்டி, பக்கத்தில் விடுதி பார்த்து, முன்பணமும் கட்டினேன். அப்புறம்தான் ரயில் நேரம் இடித்தது. நான் விடுதி எடுத்தது தெற்கே ஹூனான் மாகாணத்தில். சீனாவின் ஐந்து புனித மலைகளில் இரண்டுக்கு ஹெங் என்று ஒரே பெயர். எழுத்து வேறு, ஒலி அச்சு அசலாக ஒன்று. கோயில் இருப்பது வடக்கு ஹெங் மலை, ஷான்சி மாகாணம். அந்த ஷான்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஷான்சி மாகாணம் வேறு உண்டு. முன்பணம் போனது போனதுதான்.

இரண்டாவது தப்பு, அக்டோபர் முதல் வாரத்தில் போனது. தேசிய விடுமுறை. நாடே பயணத்தில் இருந்தது. பெய்ஜிங்கிலிருந்து தாதோங்குக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. தாதோங்கிலிருந்து தென்கிழக்கே ஹுன்யுவான் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அதற்கு ஆன நேரத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அங்கே கீழே நின்று பார்க்க ஒரு சீட்டு, மேலே ஏற இன்னொரு சீட்டு. ஏறுகிறவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எனக்கு அன்றைக்கு ஏறும் சீட்டு கிடைக்கவில்லை. ஆகவே முதல் நாள் முழுக்கக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். இப்போது யோசித்தால் அதுதான் எனக்குக் கிடைத்த பாக்கியம். ஏறியிருந்தால் அரை மணி நேரத்தில் இறங்கியிருப்பேன்.

கீழிருந்து பார்த்தால் முதலில் கோயில் தெரியவில்லை, பாறைதான் தெரிகிறது. பெரிய சாம்பல் நிறச் சுவர், நடுவில் உள்வாங்கி வளைந்த சுவர். அந்த வளைவுக்குள் சுமார் 50 மீட்டர் உயரத்தில் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு கோடு. கண் பழகிய பிறகு கூரை தெரிகிறது, கூரைக்கு அடியில் இன்னொரு கூரை, பிறகு கம்பங்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: தொங்கும் கோயில் பாதி வானத்தில், மூன்று குதிரைவால் முடியில் தொங்குது. கம்பங்களைத்தான் குதிரைவால் முடி என்கிறார்கள். கீழிருந்து பார்க்கும்போது அது துளியும் மிகையாகத் தோன்றாது.

மறுநாள் ஏறினேன். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கைப்பிடி என் இடுப்புக்குக் கீழே நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும், எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவும் நேரம் கிடைத்துவிடும். தெற்கு மாடத்துக்கும் வடக்கு மாடத்துக்கும் நடுவே பாறையை ஒட்டிப் பலகைப் பாதை ஒன்று போகிறது. அதில் என் முறை வந்தபோது வரிசை நின்றது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. இடைவெளியில் கார் நிறுத்துமிடம் தெரிந்தது, கார்கள் தீப்பெட்டி அளவில்.

27 சட்டம், மூன்றில் இரண்டு பங்கு பாறைக்குள், ஆப்பு, ஹெம்லாக் என்று எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்துதான் போனேன். முழங்காலுக்கு அது எதுவும் தெரியவில்லை.

15 செப்டம்பர்

ஆமாம், அந்தப் பலகைப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிட்டேன். பின்னால் வந்த பாட்டி என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். "எழுந்திரு, மற்றவர்கள் போக வேண்டாமா" என்றுதான் இருக்கும்.

22 செப்டம்பர்

6ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். "குச்சி சும்மா" என்றேன் அல்லவா.

நேற்று அப்பாவிடம் போனில் பேசும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கம்பம் அலங்காரம், பாரம் ஏறாது, ஆட்டினால் ஆடும் என்றேன். அவர் உடனே, "ஆள் இல்லாதப்போ ஆடும். ஆள் ஏறினா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் மேலே கூட்டம் ஏறினால் நுனி ஒரு நூல் கீழே வரும், அப்போது முட்டு பிடிக்கும், முன்கூட்டியே இறுக்கி வைத்தால் முட்டு சட்டத்தை மேலே தள்ளிக் கெடுக்கும் என்றார். நேரில் பார்க்காமலே.

திரும்பிப் போய்ப் படித்தேன். அவர் சொன்னதுதான் அங்கேயும் இருக்கிறது. கம்பங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில எப்போதும் பாரம் சுமக்கின்றன. சில, மேலும் கீழுமாக இருக்கும் மாடங்களைச் சமநிலையில் வைக்கின்றன. சில, மேலே எடை விழும்போது மட்டும் வேலை செய்கின்றன. மன நிம்மதிக்காக வைத்தவை என்பது சுற்றுலாக் கதையாக நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நானும் அதை நம்பிப் பலகைமேல் நடந்திருக்கிறேன். அன்றைக்கு என் எடையைத் தாங்கியதில் அந்தக் குதிரைவால் முடிக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

கேள்வி கேட்ட தம்பி, நீங்களும் முழுக்கத் தப்பில்லை, நானும் முழுக்கச் சரியில்லை. இரும்பு, கான்கிரீட் கட்சி மட்டும் தோற்றது.

3 அக்டோபர்

ஒருவர் கேட்கிறார்: இவ்வளவு பெரிய சீனாவில் கட்ட வேறு இடமா இல்லை?

வழக்கமான பதில்கள் உண்டு. கீழே ஆறு, பள்ளத்தாக்கில் வெள்ளம் வரும், அதனால் மேலே போனார்கள். தாதோங்குக்கும் புத்த மலையான வுதாய்க்கும் இடையில் வழி இது, போகிற வருகிறவர்கள் கும்பிட ஓர் இடம் வேண்டும். இரண்டும் சரிதான். எனக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று.

இன்றைய தாதோங்தான் அன்றைக்கு வட வெய் அரசின் தலைநகர் பிங்செங். அங்கே கோவ் சியென்ஷி என்ற தாவோ சமயத் தலைவர் பேரரசரிடம் செல்வாக்காக இருந்தார். வானத்துத் தெய்வங்களோடு தொடர்புகொள்ள ஒரு மாளிகை கட்ட வேண்டும், சேவல் கூவுவதும் நாய் குரைப்பதும் கேட்காத உயரத்தில் கட்ட வேண்டும் என்று அவர் கேட்டதாக அந்த அரசின் வரலாற்றிலேயே இருக்கிறது. வேலை வருஷக்கணக்கில் இழுத்தது, முடியவில்லை. பட்டத்து இளவரசர் பேரரசரிடம் போய், மனிதன் வழி வேறு வானத்தின் வழி வேறு, காசும் போகிறது ஜனமும் களைக்கிறது, உயரம்தான் வேண்டும் என்றால் கிழக்கே இருக்கிற மலைமேல் கட்டினால் செலவாவது குறையுமே என்றார். கோவ் 448இல் இறந்தார், பின்னால் மாளிகையையும் இடித்துவிட்டார்கள்.

491இல் ஷியாவென் பேரரசர் தாவோ வழிபாட்டு மேடையைத் தலைநகரிலிருந்து தெற்கே மலைப்பக்கம் மாற்றச் சொல்லி ஆணையிட்டார். தொங்கும் கோயிலுக்கு 491 என்று சொல்வது இதை வைத்துத்தான். அதே கோயில்தான் இது என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. ஆனால் பலகைப் பாதையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கேட்டது காற்று மட்டும். சேவல், நாய், கீழே ஆயிரக்கணக்கான ஆட்கள், ஒன்றும் கேட்கவில்லை. இளவரசர் சொன்ன சிக்கன யோசனை வேலை செய்கிறது. உயரத்தை மலை தந்துவிடுகிறது, நீங்கள் தொங்கினால் போதும்.

4 அக்டோபர்

அப்படியானால் இது தாவோ கோயிலா புத்தக் கோயிலா என்று கேட்டால், இரண்டும். கூடவே கன்ஃபூசியஸ். வடக்கு மாடம் மூன்று அடுக்கு. அதன் உச்சியில் மூன்று சமயங்களின் அறை. சாக்கியமுனி, லாவோட்சு, கன்ஃபூசியஸ் மூவரும் ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் புத்தர். நடு இடம் அவருக்கு எப்படிப் போனது என்று மற்ற இருவரும் கேட்கவில்லை போல, முகத்தில் அமைதிதான். தெற்கு மாடத்தில் தாவோ சமயத்தின் எட்டு அமரர்களில் ஒருவரான லூ தோங்பினுக்கு ஓர் அறை.

பெயரிலும் இந்தக் கூட்டணி இருக்கிறது. இன்றைய பெயரில் 'ஷுவான்' என்றால் தொங்குவது. முன்பு அதே ஒலியோடு வேறு எழுத்து இருந்தது என்பார்கள். அதற்குப் பொருள் தாவோக்காரர்கள் சொல்லும் மறைபொருள். 'கோங்' பௌத்தர்களின் சூனியம். பிறகு மக்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

5 அக்டோபர்

கணக்குக் கேட்டவருக்கு: 40 அறைகள், ஏறத்தாழ 80 சிலைகள், செம்பு, இரும்பு, மண், கல் என்று கலந்து. மொத்தப் பரப்பு 150 சதுர மீட்டர் சொச்சம். அதாவது 1,600 சதுர அடி, ஒரு மூன்று படுக்கையறை ஃபிளாட். சில 'அறை'களில் சிலை உட்கார்ந்தால் நமக்கு இடமில்லை. பல அறைகளின் பின்பாதி பாறையைக் குடைந்தது, முன்பாதிதான் மரம்.

17 நவம்பர்

வெளியே மழை. அதனால் இது ஞாபகம் வந்தது.

எத்தனை சட்டம், என்ன எண்ணெய் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். மரத்துக்கு எதிரி மழையும் வெயிலும்தானே. மேலே பாறை குடை மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது, உச்சியிலிருந்து வழியும் தண்ணீர் கோயிலைத் தாண்டி வெளியே விழுகிறது. கோயில் கிழக்குப் பார்த்தது, எதிரே ஹெங் மலையின் முக்கியச் சிகரம். காலை வெயில் கொஞ்சம் படும், அப்புறம் நிழல். கோடையிலேயே ஒரு நாளைக்கு மூன்று மணி நேர வெயில்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள். நான் போன நாளில் அந்த மூன்று மணி நேரமும் வரிசையில் போனது, நிழல் வந்த பிறகு ஏறி நடுங்கினேன்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் பல நாள் கீழே உட்கார்ந்து வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னை மாதிரி ஏறும் சீட்டு கிடைக்காதவர்.

12 ஜனவரி 2025

மிங் காலத்து ஊர்சுற்றி ஷு ஷியாகெ 1633இல் அங்கே போயிருக்கிறார். தூரத்தில் பார்த்தபோது கானல் மாடங்கள் மாதிரி இருந்ததாம். நிமிர்ந்து பார்த்ததும் மனம் பறந்தது, துணிவை வரவழைத்துக்கொண்டு தனியாக ஏறினேன் என்கிறார். சீனாவில் ஏறாத மலை இல்லை என்று பெயரெடுத்த மனிதர், அவருக்கே துணிவை வரவழைக்க வேண்டியிருந்தது. 15 செப்டம்பர் அன்று சிரித்தவர்கள் கவனிக்கவும்.

கீழே ஒரு பாறையில் 'கம்பீரக் காட்சி' என்று இரண்டு எழுத்து. கவிஞர் லி பாய் எழுதியது என்பது நம்பிக்கை. முதல் எழுத்தில் ஒரு புள்ளி அதிகம். இருக்கிற சொல் போதவில்லை என்று ஒரு புள்ளி கூட்டிவிட்டாராம். நான் எழுதினால் எழுத்துப்பிழை, அவர் எழுதினால் கவிதை.

2 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி கிளம்புகிறாராம். விளையாட்டு வந்த பிறகு ஷான்சிக்கு இப்படிக் கிளம்புகிறவர்கள் அதிகம். அதில் வரும் 36 நிஜ இடங்களில் 27 அந்த மாகாணத்தில்தான் இருக்கின்றன. அக்டோபர் முதல் வாரம் வேண்டாம். ஏறும் சீட்டை முதலிலேயே எடுங்கள், கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் கீழே நில்லுங்கள். அதே பக்கத்தில் யிங் மாவட்டத்து மரப் பகோடா இருக்கிறது, 1056இல் கட்டியது, 67 மீட்டர், முழுக்க மரம். மேல் மாடிகளுக்கு விடுவதில்லை. தாதோங்கில் யுன்காங் புத்தக் குகைக் கோயில்கள், இதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். ஹுன்யுவானில் லியாங்ஃபென் என்று குளிர்ந்த மாவு ஜெல்லி ஒன்று தருவார்கள், காரம் தூக்கலாக. தைரியம் போதாதவர்கள் ஏறுவதற்கு முன் சாப்பிட வேண்டாம்.

9 மார்ச்

அப்பா போட்டோ அனுப்பச் சொன்னார். கோயில் வேண்டாமாம், சட்டம் பாறைக்குள் நுழைகிற இடம் வேண்டுமாம். துளை வாயில் ஆப்புத் தெரிகிறதா, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

போனை முழுக்கத் துழாவினேன். பலகைப் பாதையில் நான் எடுத்தது மொத்தம் 11 படம். 9 படத்தில் என் ஷூ. ஒன்றில் பாட்டியின் கைப்பை. ஒன்றில் வானம்.

16 மார்ச்

ஏப்ரலில் ரயில் பார்த்துவிட்டேன், அப்பாவும் வருகிறார். விடுதி எடுப்பதற்கு முன் வடக்கு ஹெங் மலைதானா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். நான்காவது தடவை அப்பா சரிபார்த்தார்.